பின்சீட்டில் உட்காருங்கள்

"நீ என்ன சொல்றே?" என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கார் ஷோரூமில் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனித் துரை, "விலையும் மலிவு, பார்க்கவும் அழகு, பிறகு ஏன் விற்கவில்லை?" என்று கேட்டதும் முதலாளியின் கை நேராகத் தன் மச்சினியின் பக்கம் நீண்டது.

"வண்டில ஒரு குறையும் இல்லை சார். விக்கிறவங்களுக்குப் பேசத் தெரியலை. பொண்டாட்டியோட தங்கச்சியாச்சேன்னு வச்சிருந்தேன். இனிமே வேண்டாம்."

மச்சினிக்குக் காது வரைக்கும் சூடேறியது. அக்காள் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பேசத் தெரியாதாம்! இதே அத்தானிடம் நாக்கு வறளச் சொல்லியிருக்கிறாள். "பின்சீட்டுக்கு ஏசி காத்தே வரலை அத்தான். கண்ணாடி பாதிதான் இறங்குது. ஓட்டுறவரா வாங்குறாரு? பின்னாடி உக்காந்திருக்கிற அம்மாவும் பொண்டாட்டியும்தான் முடிவு பண்றாங்க. கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லுங்க." அத்தான் ஒவ்வொரு தடவையும் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்பார். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் குளிர் தேசத்துக்காரர்கள். அங்கே ஓட்டுகிறவர் தனியாகப் போவார், பின்சீட்டில் கடைப் பை போகும். இங்கே பின்சீட்டில் ஒரு குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. விலையைக் குறைக்க அவர்கள் முதலில் கை வைத்தது அந்த இடத்தில்தான். துரை எத்தனை தடவை வந்தாலும் இது அவர் கண்ணில் பட வழியில்லை. விருந்தாளியாயிற்றே என்று அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, ஏசியை முழுக்கத் திருப்பிவிட்டுத்தான் அத்தான் ஊரைச் சுற்றிக் காட்டுவார். அப்படி ஒரு மரியாதை.

மச்சினி எதிர்ச்சாரியில் இருந்த போட்டிக் கம்பெனியில் போய் வேலை கேட்டாள். உடனே கொடுத்தார்கள். "உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கலைன்னா பாருங்க அத்தான்" என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். அதற்காக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தன்னிடம் வந்தவர்களை எல்லாம் அத்தானிடமே அனுப்பிவைத்தாள்.

"முதல்ல எதிர்ல இருக்கிற வண்டியைப் பாத்துட்டு வாங்கம்மா."

மகனும் மருமகளுமாக வந்திருந்த அம்மாள் முழித்தாள். "என்னம்மா, கடைக்கு வந்தவங்களை விரட்டுறே?"

"விரட்டலைம்மா, அங்க விலை கம்மி. பையனை ஓட்டச் சொல்லிட்டு நீங்க ரெண்டு பேரும் பின்னாடி உக்காருங்க. வெயில் நல்லா ஏறினப்புறம் போங்க. சிக்னல் பக்கமா ஒரு சுத்து. பிடிச்சா அங்கயே வாங்கிக்குங்க."

போனவர்கள் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். இவளுடைய வண்டியின் பின்சீட்டில் "அப்பாடா" என்று சாய்ந்த அந்த அம்மாள் இறங்கவே மனமில்லாமல், "இதையே முடிச்சுடுடா" என்று மகனிடம் சொன்னாள். மச்சினிக்கு உள்ளுக்குள் தித்தித்தது. அடுத்து வந்தவர்களையும் அப்படியே அனுப்பினாள்.

ஒருநாள் அக்காள் போன் செய்தாள். "நீ போனப்புறம் கடையில கூட்டம் அலைமோதுதாம்டி. உங்க அத்தானுக்குத் தலைகால் புரியலை. இன்னும் ஒரு கப்பல் வண்டி அனுப்பச் சொல்லியிருக்காராம்."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அக்காளுக்கு அந்தச் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது. வேண்டாம்க்கா, தடுத்து நிறுத்து என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மச்சினி, "அப்படியா, சந்தோஷம்க்கா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள். வரட்டும், நிறைய வரட்டும் என்றது மனசு.

வண்டிகள் வந்தன. ஷோரூம் நிறைந்து, பின்கட்டு நிறைந்து, தெருவோரம் வரைக்கும் தூசி படிந்து நின்றன. ஓட்டிப் பார்க்க ஊரே வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. துரை மறுபடியும் வந்து இறங்கினார். அதற்குள் யாரோ விஷயத்தைப் போட்டுக்கொடுத்திருக்க, அத்தான் துரையையும் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"இவதான் சார் வர்றவங்களை எல்லாம் கலைச்சு விடுறது."

"கலைக்கலை அத்தான், உங்ககிட்டதான் அனுப்பி வைக்கிறேன். அதுவும் தப்பா?" மச்சினி துரையின் பக்கம் திரும்பினாள். "சார், ஒரே ஒரு தடவை அந்த வண்டியில பின்னாடி உக்காந்து பாருங்க. அப்புறம் யாரை வேணும்னாலும் திட்டுங்க."

"ஐயோ, சாரைப் போய் பின்னாடியா!" என்று அத்தான் பதறினார். துரை அவரைக் கையமர்த்திவிட்டு ஏறினார். அவருடைய உயரத்துக்கு முழங்கால் முகவாயைத் தொட்டது. அத்தான் ஓட்ட, துரை வழக்கமாக உட்காரும் முன்சீட்டில் மச்சினி ஜம்மென்று உட்கார்ந்தாள். ஏசி முகத்தில் அடித்தது. "மெதுவாப் போங்க அத்தான், என்ன அவசரம்?" என்றாள்.

உச்சி வெயிலில் சிக்னலில் நின்றார்கள். பின்னால் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது, பாதியில் நின்றது. பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதால் கேட்டதிலேயே அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

வேகவைத்து எடுத்த மாதிரி இறங்கிய துரை, இதை ஏன் எங்களிடம் யாருமே சொல்லவில்லை என்று கேட்டார்.

"இவர்கிட்ட எத்தனையோ தடவை சொன்னேன் சார். எனக்குப் பேசத் தெரியலைன்னு இவர் உங்ககிட்ட சொன்னாரு."

அத்தான் தலை குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையை மச்சினி ஆசை தீரப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

கம்பெனி பின்சீட்டைச் சரிசெய்யும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர்களோ அந்தத் தலைவலியே வேண்டாம் என்று மூட்டை கட்டிவிட்டார்கள். ஷோரூமை இழுத்து மூடினார்கள். நின்றுபோன வண்டிகள் அத்தான் தலையில் விழுந்தன. வீட்டில் இருந்த நல்ல காரைக் கடனுக்காக விற்றுவிட்டு, விற்காத வண்டிகளில் ஒன்றையே சொந்தத்துக்கு வைத்துக்கொண்டார்.

ஒருநாள் மத்தியானம் மச்சினி ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டிக் காட்டப் போனாள். அதே சிக்னலில் அந்த வண்டி பக்கத்தில் வந்து நின்றது. அத்தான் ஓட்டினார். அவருடைய அம்மா முன்சீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் என்றைக்குமே முன்சீட்டு மாமியாருக்குத்தான். பின்னால், மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் துவண்டு கிடந்த பிள்ளைகளுக்குப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள் அக்காள். அவள் கழுத்தெல்லாம் வியர்வை. ஊரில் உள்ள பின்சீட்டுக்கெல்லாம் பரிந்து பேசிய மச்சினிக்கு இந்தப் பின்சீட்டில் யார் உட்காருவார் என்று மட்டும் தோன்றியதே இல்லை. கண்ணாடியை இறக்கினாள்.

பாதி இறங்கிய கண்ணாடிக்கு மேலாக அக்காள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"ஏண்டி, அதுல பின்னாடி காத்து வருதா?"

மச்சினியின் வண்டிப் பின்சீட்டில் இருந்த வாடிக்கையாளரின் அம்மாதான் குனிந்து பதில் சொன்னாள்.

"ஜில்லுனு வருதும்மா. நீயும் இதையே வாங்கிக்கோ."