கசிவுக்குப் பூஜ்ஜியம் போடாத மனிதர்

யாம்போல் நகரில் ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள எட்டு மாடிக் குடியிருப்பில், மே மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஓய்வுபெற்ற தபால் ஊழியர் வேலிச்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாத் தளங்களையும் ஊடுருவித் தரைக்கு இறங்கினார். சிமெண்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆறாம் மாடியில் மட்டும் வறுபட்டுக்கொண்டிருந்த மீன் கருகியது. அது அவர்கள் கவனக்குறைவு.

காரணம் எட்டாம் மாடியில் இருந்தது. வேலிச்காவின் கணவர் அஸ்பாருக், மூடப்பட்ட ஹைட்ராலிக் தொழிற்சாலையின் வடிவமைப்பாளர். கட்டடத்தின் லிஃப்ட் நின்று பல வருடம். வேலிச்காவின் இடுப்பெலும்பு தேய்ந்து ஏறக்குறைய அவ்வளவு காலம். குடியிருப்போர் கூட்டம் வருடந்தோறும் கூடியது. கீழ்த்தளக்காரர்களும் வருடந்தோறும், "நாங்க என்ன வானத்துக்கா போறோம்?" என்று கேட்டு, லிஃப்ட் பழுதுபார்ப்புக்கு எதிராகக் கை தூக்கினார்கள். ஆகவே அஸ்பாருக், தொழிற்சாலை திரும்பக் கேட்க மறந்துபோன கணினியில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் சுற்றுகளை வரைந்து ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில், தானே ஒரு லிஃப்ட் வரைந்தார். வட்டம் பம்பு, நீளப் பெட்டி சிலிண்டர், சிவப்புக் கோடு அழுத்தம், நீலக் கோடு திரும்பும் எண்ணெய். சுமை என்ற கட்டத்தில் வேறெந்த எடையும் தோன்றாததால் மனைவியையும் நாற்காலியையும் சேர்த்துப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். திரையில் சிலிண்டர் இறங்கியது. அடுக்களையிலிருந்து வேலிச்காவும் இறங்கினார்.

அடுக்களைகளுக்கு நேர் கீழே கட்டடத்தின் வாசல்; அங்கே பெஞ்சில் பெண்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். வேலிச்கா கை நீட்டி ஒரு விதை வாங்குவதற்குள் ஓட்டம் முடிந்தது. மென்பொருள் தானாக வைத்துக்கொள்ளும் எண்ணெய்க் கசிவு பூஜ்ஜியம், நேரம் பத்து விநாடிதான். முடிந்ததும் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பும், அவரும் திரும்பினார்.

கோடை முழுக்க இப்படியே போயிற்று. ஐந்தாம் மாடி ஸ்தோய்காவுக்கு மட்டும் ஒரு குறை.

"அக்கா, என் அடுக்களை வழியா போறீங்க, போங்க. ஒரு வணக்கமாவது சொல்லக் கூடாதா?"

"வாயத் திறக்கறதுக்குள்ள நாலாம் மாடி வந்துடுதேடி!"

வேலிச்காவுக்கு வேண்டியதெல்லாம் பெஞ்சில் ஒரு மணி நேரம். பத்து விநாடியில் ஒருத்தியைப் பற்றிக்கூட முழுசாக வம்பு பேச முடியவில்லை. நேரத்தைக் கூட்ட ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் அஸ்பாருக்குக்கு அந்த ஊர் ஹைட்ராலிக்காரர்களின் நோய் இருந்தது. கசிவுக்குப் பூஜ்ஜியம் போட்டு நீண்ட ஓட்டம் ஓட்டுகிறவனை அவர்கள் 'மாணவன்' என்பார்கள். அதைவிடக் கெட்ட வசவு அவர்களிடம் கிடையாது.

"பூஜ்ஜியம்னா பொய், வேலிச்கா. எண்ணெய் கசியாத ரப்பர் சீல் உலகத்துலயே இல்ல."

"இத்தன நாளா அந்தப் பொய்தான்யா என்னை இறக்கிச்சு! அதையே வையேன்!"

"பத்து விநாடின்னா கண்ண மூடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மனசு கேக்கல."

சீல் தேய்மானம், உராய்வு, அக்டோபர் குளிரில் எண்ணெயின் கெட்டித்தனம், ஊரின் மின்னழுத்தத் தள்ளாட்டம் எல்லாவற்றையும் நேர்மையாகப் போட்டார். ஓட்ட நேரத்துக்கு, அவள் ஆசை தீர உட்காரட்டும் என்று, 'முடிவில்லை' என்று போட்டார். அதுதான் அவருக்குத் தெரிந்த கொஞ்சல்.

தலைக்குத் துணி கட்டி, மடியில் விதைப் பொட்டலத்தோடு புறப்பட்ட வேலிச்கா, ஸ்தோய்காவின் அடுக்களைக் கூரைக்குச் சற்றுக் கீழே குலுங்கி நின்றார். திரையில் பம்பு திணறிச் செத்தது. சுமை தாங்கும் வால்வு மட்டும் பிடித்துக்கொண்டது; அதுவும், அஸ்பாருக் எழுதியபடியே, கசிந்தது.

"வணக்கம், ஸ்தோய்கா," என்றார் வேலிச்கா மேலிருந்து. "இப்ப நேரம் இருக்கு."

ஸ்தோய்கா குடைமிளகாய் சுடுவதை விட்டுவிட்டு அழுதாள்.

மறுநாள் தொழிற்சாலையின் மென்பொருள் உரிமம் காலாவதியானது. ஓடுவது ஓடும், நிறுத்தினால் மறுபடி திறக்காது. நிறுத்தட்டுமா என்று அஸ்பாருக் ஸ்தோய்காவின் அடுக்களையில் ஸ்டூலில் ஏறி நின்று கேட்டார்.

"நிறுத்தினா எட்டாம் மாடியிலேயே சாவேன். விடு. இறங்கிக்கிட்டாவது இருக்கேன்."

நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்குகிறார். அஸ்பாருக்கின் கணக்குப்படி தரையைத் தொடும்போது வேலிச்காவுக்கு நூறு வயது தாண்டியிருக்கும். ஃபியூஸ் போய்க் கணினி அணையாமலிருக்கக் கட்டடத்தில் இரண்டு இஸ்திரிப்பெட்டிகளை யாரும் ஒரே நேரத்தில் போடுவதில்லை. கூட்டத்தில் அதற்கு மட்டும் கீழ்த்தளக்காரர்களும் ஆதரவாகக் கை தூக்கினார்கள். புதிதாகக் குளிர்பதனப் பெட்டி வாங்கிய நாலாம் மாடிக்காரர்கள் அதை எதிர்ச் சுவரோரம் வைத்திருக்கிறார்கள், அவர் வரும் வழியில் இருக்கக் கூடாதென்று.