ஆண்டெனாவில் கட்டிய சரம்

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் தாமோதரன் வாயைத் திறக்கவில்லை. பின் சீட்டில் சொகுசாகச் சாய்ந்துகொண்டு, முன்னால் வண்டி ஓட்டுகிற சம்பந்தி வீட்டு டிரைவர் சிரஞ்சீவியின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார். பேசினால் உண்மை வெளியே வந்துவிடுமோ என்று பயம். பெரிய மனுஷராம், பயம்!

விஷயம் இதுதான். நகரியில் பவர்லூம் ஓட்டுகிற தாமோதரன், மகள் பிரீத்தியைச் சித்தூர் ஆதிகேசவன் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். நகரியில் கல்யாணம் முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துப் போக வந்தது சம்பந்தியின் பழைய வெளிநாட்டுக் கார். அதில் ரேடியோவைப் போட்டால் ஆண்டெனா தானாக எழும்பும், நிறுத்தினால் தானாக உள்ளே இறங்கிவிடும். எழும்பி நின்ற கம்பியைப் பார்த்ததும் தாமோதரனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மகள் போகிற வண்டியாயிற்றே! ஒரு மல்லிகைச் சரத்தை அதில் சுற்றி, தறிநூலால் இறுக்கிக் கட்டினார். அறுந்த இழையைத் தறியில் போடுகிற முடிச்சு அது, இழுக்க இழுக்க இறுகும்.

சித்தூரில் வரவேற்பு விருந்து நடந்த மண்டபத்து வாசலில் சிரஞ்சீவி ரேடியோவை நிறுத்தினான். கீழே இறங்கிய கம்பி முடிச்சில் மாட்டிக்கொண்டது. மோட்டார் கரகரவென்று கத்திவிட்டு ஓய்ந்தது. ஓடி வந்த ஆதிகேசவன் குனிந்து பார்த்தார், சரத்தைப் பிய்த்து எறிந்தார். "கண்ண எங்கடா வெச்சுகினு இருந்த? சோறு தான துன்ற?" என்று பந்தி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரஞ்சீவியை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

தாமோதரன் பக்கத்தில்தான் நின்றார். நான்தான் கட்டினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பெண் புகுந்த வீட்டில் முதல் நாளே மானம் போய்விடுமே என்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

சம்பந்தி வீட்டில் இரண்டு நாள் தங்கியாயிற்று. இப்போது அதே காரில் அவரை நகரியில் இறக்கிவிடப் போகும் வழியில், திருப்பதியில் ஆண்டெனாவையும் மாற்றிக்கொண்டு வரச் சொல்லி ஆதிகேசவனின் உத்தரவு. மெக்கானிக் தமிழ்செல்வன் கம்பியை உருவினான். அதோடு வருகிற பல் வைத்த நைலான் கயிறு பாதியில் அறுந்து வந்தது.

"புதுசு போட்டா சரியா பூடுமாண்ணா?" என்று சிரஞ்சீவி கெஞ்சுகிற குரலில் கேட்டான். "ஐயா அன்னிலேர்ந்து என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. வேலைய வுட்டுத் தூக்கிடுவாரோன்னு கீது. தப்பு என்னுதுதான், நிறுத்தறதுக்கு முன்னாடி எறங்கிப் பாத்துருக்கணும்."

தாமோதரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. செய்யாத தப்பை அவன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான், செய்தவர் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தூ என்று தன்னையே துப்பிக்கொள்ளத் தோன்றியது. இறங்கி வந்தார்.

"சிரஞ்சீவி, அந்தச் சரத்தக் கட்டினது நான்பா."

அவன் திரும்பிப் பார்த்தான். அவன் ஏதாவது சொல்வதற்குள் தாமோதரன் சம்பந்திக்குப் போன் போட்டார். அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததைச் சொன்னார்.

ஆதிகேசவன் சிரித்தார். "தெரியும் சம்பந்தி. முடிச்சப் பாத்ததுமே தெரியும், நானும் தறி ஓட்டினவன்தான? பொண்ணு குடுத்தவர ஒரு வார்த்த கேக்க முடியுமா? அதான் அவனத் திட்டினேன். அவன் தொடச்சிக்கினு பூடுவான். அத்தப் போய்ப் பெருசு பண்ணிக்கினு!"

போனை வைத்துவிட்டார். தமிழ்செல்வன் தலையைத் தூக்காமல் வேலை பார்த்தான். புதுக் கயிற்றைக் குழாய்க்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு, "ரேடியோ ஆஃப் பண்ணு" என்றான். சிரஞ்சீவி உள்ளே எட்டி நிறுத்தினான். மோட்டார் கயிற்றை இழுத்துக்கொண்டது, கம்பி ஒழுங்காக உள்ளே போய் உட்கார்ந்தது.

"மன்னிச்சிருப்பா" என்றார் தாமோதரன்.

"பர்வாலேது சார், பரவால்ல." சிரஞ்சீவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "எனுக்கு வுடுங்க, திட்டு வாங்கி வாங்கிப் பழக்கம். அன்னிக்கு என் பொண்ணு பந்தில துன்னுகினு இருந்தா சார். ஐயா கத்தறதக் கேட்டுட்டு எலைய அப்படியே வுட்டுட்டு எழுந்து வந்துட்டா. இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட சரியாப் பேசல. அவகிட்ட யாரு சார் சொல்றது?"

நமக்கு மட்டும்தான் பெண் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டோமே! தாமோதரன் முன்கதவைத் திறந்து அவன் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நகரி அப்புறம் போலாம். வண்டிய உன் வூட்டுக்குத் திருப்பு," என்றார். "பொண்ணு பேரு இன்னாப்பா?"