மவுஸைத் தொடாதவர்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல, என் அக்கா அழுததில் பிறந்தது. நூலகத்தின் கணினிப் பிரிவு அவள் பொறுப்பு. ஒரு கணினியை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள், அவ்வளவுதான். ('அவ்வளவுதான்' என்று எழுதியது தப்பு. தெரியட்டும் என்று அடிக்காமல் விடுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: அன்று காலை மழை பிடித்துக்கொண்டபோது அக்கா...

வேண்டாம். மழையில் தொடங்கினால் நான் கதை விடுவது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது: மூன்று மாதப் பயன்பாட்டு அறிக்கை அக்காவின் மேசைக்கு வந்தது. ஏழு கணினிகளுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள். மூலையில் கிடந்த எட்டாவதற்குப் பூஜ்யம். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் கணினி அது. கணக்குப் பிரிவு வேறு ஒரு கணினி கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. கோப்புகளைத் துடைத்து, அங்கே அனுப்பிவிட்டாள்.

(அடிக்குறிப்பு: அறிக்கை எண்ணியது மவுஸ் அழுத்தல்களை மட்டும். பார்வையில்லாதவர் மவுஸை எதற்குத் தொடப்போகிறார்? எல்லாம் விசைப்பலகைதான். மாடியிலிருந்து இறங்கிப் போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம், இருபத்திரண்டே படிகள்.)

(இன்னொன்று, மறைக்கலாம் என்றிருந்தேன். கையெழுத்துப் போடுமுன் அக்கா எனக்கு போன் செய்தாள். "யாருமே தொடலன்னா எதுக்குக்கா? தூக்கிடு" என்றேன்.)

3

அந்தக் கணினியில் படித்துவந்த பார்வையில்லாத பெண்ணை எப்படி எழுதுவது? ஏதோ ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர், சட்டத் தேர்வுக்குப் படிப்பவர். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. கோபக்காரியாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து ஓர் ஆளை முடிவுகட்டுவதில் நான் மட்டும் என்ன யோக்கியம்? நடந்ததையே எழுதுகிறேன்.

மறுநாள் வந்தவர் காலி மேசையைத் தடவிப் பார்த்திருக்கிறார். அக்காவைக் கீழே கூப்பிட்டார்கள்.

"எட்டு மாசக் குறிப்பு அதுல இருந்துச்சு மேடம். தினமும் வந்தேனே."

"கணக்குல வரலைங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

4

அக்கா சண்டை போட்டுக் கணினியைத் திரும்ப வாங்கி வைத்தாள். தினமும் இறங்கிப் போய்ப் பார்க்கிறாள். அவர் வரவில்லை. அந்த அறையில் யாரிடமும் பெயர் கேட்கும் வழக்கமில்லை, அதனால் தேடவும் வழியில்லை.

முடிவு ஒன்று: தேர்வில் தேறி, கறுப்புக் கோட்டோடு... (சீ.)

முடிவு இரண்டு: ஒரு மாலை, கதவருகே கோல் தட்டும் சத்தம். அவர் வந்து உட்காருகிறார். அக்கா மன்னிப்புக் கேட்கிறாள்.

இதை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"வந்தவங்கள வரலன்னு எழுதினவ நான். நீ வராதவங்கள வந்ததா எழுதாதடா."

அந்த முடிவை அடித்துவிட்டேன். நீங்கள் எங்காவது அவரைப் பார்த்தால், கணினி திரும்ப வந்துவிட்டது என்று சொல்லுங்கள். குறிப்புகள் வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.