நாசரய்யாவின் மரத்த கைகள்

மிளகாய்ச் செடி பூவெடுத்த நாளிலிருந்தே நாசரய்யா விடிந்து எழும்போது கையும் காலும் மரத்துக் கிடந்தன. உதறினால் சரியாகிவிடும் என்று முதலில் இருந்தான். இப்போது எவ்வளவு உதறியும் விரல்களில் உணர்ச்சி வரவில்லை. செருப்பு கழன்றது தெரியாமல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான்.

காரணம் தனக்குத் தெரியும் என்றான். தகப்பன் வீட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் குடியிருந்தான் தம்பி பிரம்மையா. கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றிருந்தது. தம்பி மனைவி சாம்ராஜ்யம் வரப்பில் எலுமிச்சம்பழம் புதைத்தாளென்று யாரோ சொல்ல, அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

பால் சொசைட்டி வாசலில், கேனோடு நின்ற அவளை எல்லார் முன்னாலும் மறித்தான்.

"எனக்குச் செய்வினை வெச்சுட்டு, ஒண்ணுந்தெரியாதவளாட்டம் நிக்கிறா பாருங்க."

கையிலிருந்த கம்பை ஓங்கினான். பிடி நிற்காமல் அது அவன் காலடியிலேயே விழுந்தது. ஒருவன் சிரித்தான். ஆனால் மறுநாளிலிருந்து வரிசையில் பெண்கள் சாம்ராஜ்யத்தை விட்டுத் தள்ளி நின்றார்கள். கல்யாணப் பந்தியில் அவள் மகளுக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை.

நாசரய்யாவின் மனைவி மாணிக்யம்மாதான் அவனைக் குண்டூருக்கு இழுத்துப் போனாள். டாக்டர் ஊசி முனையால் பாதத்தைக் குத்திக் குத்திக் கேட்டார், அவனுக்குத் தெரியவில்லை. சர்க்கரையும் இல்லை, குடியும் இல்லை. என்ன வேலை என்று கேட்டதற்கு, மிளகாய்க்குப் பூச்சிமருந்து அடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றான். குச்சிகூட எடுக்காமல் வெறுங்கையாலேயே மருந்தைக் கலக்குவார் என்று மனைவி மீதியைச் சொன்னாள். அந்த மருந்துதான் நரம்பைக் கெடுத்திருக்க வேண்டும், இனி அதைத் தொடாதே, போன உணர்ச்சி முழுக்கத் திரும்புமென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஊர் வந்தும் டாக்டர் சொன்னதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. மாணிக்யம்மா வாய் மூடவில்லை. காலையில் சாம்ராஜ்யம் வாசலில் வந்து நின்றாள்.

"பாவகாரு, சொசைட்டிக்கு வாங்க. அங்க சொன்னத அங்கயே இல்லேன்னு சொல்லுங்க."

கணவனின் அண்ணனுக்குரிய மரியாதையில் குறைவில்லை. குரல்தான் கத்தியாக இருந்தது.

"பொம்பளை கூப்பிட்டா நான் வரணுமா? போடி."

மாணிக்யம்மா சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். விரல் மடங்காத அவனுக்கு அவள்தான் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லிட்டு வா. இல்லேன்னா இனிமே நீயே பெசஞ்சு தின்னுக்க."

போனான். மருந்துதானாம் என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"யாருக்கும் கேக்கல," என்றாள் சாம்ராஜ்யம்.

"மருந்துதான். இவ ஒண்ணும் பண்ணல."

"இது என் பொண்ணுக்காகக் கேட்டது. உங்கள நான் மன்னிக்க மாட்டேன்."

அந்த வாரமே இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவைப் பிரம்மையா கொத்தனாரை வைத்துச் செங்கல்லால் அடைக்கத் தொடங்கினான். இந்தப் பக்கம் உட்கார்ந்து நாசரய்யா அவர்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினான், அது தன் பரம்பரையும்தான் என்ற நினைப்பில்லாமல். கொத்தனார் பூச்சை நிறுத்தவில்லை.