அழைத்து வந்த காரணம்

முதியோர் இல்லத்து வாசலில் கார் வந்து நின்ற பிறகும் ப்ரோகோபிஸ் ஏறுகிற வழியாக இல்லை. சவரக் கண்ணாடியை ஒருவருக்கு, கம்பளிச் செருப்பை இன்னொருவருக்கு என்று கர்ணப் பிரபு மாதிரி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "எம்பையனுக்கு என்னை விட்டுட்டு இருக்க முடியலயாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். மகன் ஸ்டாமாதிஸ் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, அதை மூடத் தெரியாதவன் போல அங்கேயே குனிந்து நின்றான்.

உண்மை வேறு. வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்னால் அவன் நடத்திவந்த டைல்ஸ் கடையை இழுத்து மூடி ஒரு வருஷமாகிறது. கடனில் மூழ்கிக் கிடக்கிற இந்த நாட்டில் இப்போது எவன் வீடு கட்டுகிறான்? மனைவி உரானியாவுக்கும் பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை போய்விட்டது. மிச்சம் அப்பாவின் ரயில்வே பென்ஷன் ஒன்றுதான். அதில் முக்கால்வாசியை இல்லத்துக்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கூட்டிவந்துவிட்டால் அந்தக் காசு வீட்டுக்கு ஆகுமே என்று வாய்விட்டுச் சொன்னது உரானியாதான். ஆனால் அவன் பல நாளாகவே மனசுக்குள் அந்தக் கணக்கைப் போட்டுவைத்திருந்தான். அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தான், அவ்வளவுதான்.

ஊர் மெச்சியது. காபிக் கடையில் ஒருவர் தோளைத் தட்டி, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்றார். ஸ்டாமாதிஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்கப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை.

வீட்டில் அப்பா அதிகாரம் பண்ணியிருந்தால்கூடத் தேவலை. ரயில் ஓட்டிய காலத்தில் சூப்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன், இப்போது கேட்காமலே பாத்திரம் தேய்த்தார். பிடிவாதம் பிடித்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், டிவி செய்திக்கு. யூரோ நாடுகளின் நிதி மந்திரிகள் பிரஸ்ஸல்ஸில் கூடுகிறார்கள் என்றால் போதும், நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் டிவிக்கு ஒட்டப் போட்டுக்கொள்வார். இந்த நாட்டுக்கு மேலும் கடன் வேண்டுமானால் இன்னும் எந்தெந்தச் செலவையெல்லாம் வெட்ட வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்வார்கள். கிழவருக்கு அரசியல் பைத்தியம் என்று உரானியா சிரிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். பென்ஷன் மறுபடியும் குறையுமாம். எவ்வளவு என்று சொல்லவில்லை. உரானியா வெளியே போயிருந்தாள். மேஜையில் ஆளுக்கு ஒரு பொரித்த மீன் இருந்தது.

"இன்னும் வெட்டினா, நான் இங்க இருக்கறது உனக்குக் கட்டுப்படி ஆகுமா, ஸ்டாமாதிஸ்?"

"என்னப்பா பேச்சு இது? உங்களப் பாக்கணும்னுதான..."

"இல்லத்துல மாசாமாசம் ஒவ்வொருத்தனா வீட்டுக்குப் போனான். எதுக்குக் கூப்பிடறாங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்டா. என்னை மட்டும் யாரும் கூப்பிட வரலையேன்னுதான் எனக்கு வெக்கமா இருந்துச்சு."

ஒரு காசு வராவிட்டாலும் நீங்கள் இங்கேதான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் பாழாய்ப்போன மனசு அதற்குள் கழித்துப் பார்க்க ஆரம்பித்திருந்தது, நூறு யூரோ போனால் மிச்சம் எவ்வளவு, இருநூறு போனால் எவ்வளவு என்று. அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தன் மீனின் முள்ளை நிதானமாக நீக்கி, பெரிய பாதியை எடுத்து மகன் தட்டில் வைத்தார். மதியத்தில் தனக்கு அவ்வளவாகப் பசிப்பதில்லை என்றார்.

ஸ்டாமாதிஸ் தலையைக் குனிந்துகொண்டு அதைச் சாப்பிட்டான்.