அட்டைப்பட யானை

லுயாண்டோ இஸ்திரிப்பெட்டியை மெல்லிய துணியின் மேல் வைத்து, இழுக்காமல், அப்படியே அழுத்திக்கொண்டிருந்தாள். இழுத்தால் அடியில் சட்டையோடு ஒட்டவேண்டிய வினைல் தாள் நகர்ந்து, அதில் வெட்டிய படம் கோணிப்போகும். மோன்ஸே ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் அவளுடைய சின்னக் கடையில் பாடகர் குழுவுக்கும் பந்தாட்டக்காரர்களுக்கும் இழவு வீட்டுக்காரர்களுக்கும் எத்தனையோ சட்டைகளில் இப்படி ஒட்டியிருக்கிறாள். கணவனின் கட்டிலருகே வைத்து ஒட்டுவது இதுதான் முதல் தடவை.

"என்ன வாசனை அது?" என்றான் ம்வீம்பா, கண்ணைத் திறக்காமல்.

"உங்களுக்குத்தான் சட்டை, ட்வாம்போ அப்பா. கொஞ்சம் பொறுங்க." பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் அவனை எப்போதும் கூப்பிடுவாள்.

சூடு ஆறியதும் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை ஓரத்திலிருந்து உரித்தாள். பச்சைச் சட்டையில் ஒரு வெள்ளை யானை துதிக்கையைத் தூக்கி நின்றது.

பேருந்து ஓட்டிய காலமெல்லாம் ம்வீம்பா ஒரே நாவலைத்தான் திரும்பத் திரும்பப் படித்தான். பஞ்சத்தில் ஒருவன் தன் காளையை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகும் கதை. சாப்பாடானதும் அவளுக்குச் சொல்ல ஆரம்பிப்பான். நாளெல்லாம் கடையில் நின்றவள், காளை முதல் மலையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். புத்தகத்தின் அட்டையில் யானை இருந்தது. தான் தூங்கிய பிறகு கதையில் அது வரும்போல என்று எண்ணிக்கொண்டாள்.

டாக்டர் கைவிரித்த நாளிலிருந்து அந்தத் தூக்கம் அவளை உறுத்தியது. எல்லாவற்றையும் கேட்டேன் என்று அவனுக்குக் காட்டிவிட வேண்டும். அதற்காகவே அட்டையைப் பார்த்து வரைந்து, வெட்டி, வேண்டாத துணுக்குகளை ஊசியால் கிள்ளியெடுத்தாள்.

விரித்துக் காட்டினாள். ம்வீம்பா யானையை வெகுநேரம் பார்த்தான். அவன் உதடு துடித்தது சிரிப்பாலா வலியாலா, தெரியவில்லை.

"தெரியுதா? உங்க புஸ்தகம்."

"தெரியாம இருக்குமா?" மூச்சு வாங்கினான். "நான் சொன்னதையெல்லாம் கேட்டிருக்க நீ. தூங்கிட்டன்னு நெனச்சேன்."

"நானாவது, தூங்கறதாவது!"

"போட்டு விடு."

சாயங்காலம், அந்தச் சட்டையோடு அவன் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தான். உடலைக் குளிப்பாட்டிய அத்தைமார் அவனுடைய கோட்டை எடுத்து வந்தபோது லுயாண்டோ பிடிவாதமாக நின்றாள். "இதையே போடுங்க அத்தை."

மறுநாள் காலை சீலோ வந்தான். ம்வீம்பாவின் பேருந்தில் நடத்துனராக இருந்தவன். கேலி பேசும் குலத்துக்காரனும்கூட. இழவு வீட்டில் செத்தவனைக் கிண்டல் செய்ய அந்தக் குலத்துக்கு உரிமை உண்டு. சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவன் உரக்கச் சிரித்தான்.

"அடேய் ம்வீம்பா! 'கதையில ஒரு யானை வால்கூடக் கிடையாது, இந்த அட்டையை வரைஞ்ச கழுதை புஸ்தகத்தைத் தொட்டே பார்க்கல'ன்னு பஸ்ஸு லிவிங்ஸ்டன் போய்ச் சேர்ற வரைக்கும் திட்டுவியே! இப்ப அதையே நெஞ்சுல ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்கியா?"

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். லுயாண்டோ எழுந்து வந்தாள்.

"யானையே வராதா அண்ணே?"

சீலோவின் சிரிப்பு நின்றது. "சட்டை... நீ செஞ்சதா தங்கச்சி?"

அவள் தலையசைத்தாள்.

"வரும், வரும். கடைசியில ஒண்ணு வருதே, ஆத்தங்கரையில..."

"அண்ணே."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "வராதும்மா."

"எல்லாத்தையும் கேட்டிருக்கன்னு சொன்னாரே."

"ஓசியில ஏறின சொந்தக்காரனைக்கூட முதலாளிகிட்ட மறைக்க மாட்டான். அவனா அப்படிச் சொன்னான்?" சீலோ பெட்டியைப் பார்த்தான். "கர்த்தர் அதைப் பொய்யின்னு எடுத்துக்க மாட்டாரு." பிறகு தணிந்த குரலில், "கோட்டு இருக்காமே. மாத்திடச் சொல்லட்டுமா?"

லுயாண்டோ குனிந்தாள். யானையின் காதோரம் வினைல் கொஞ்சம் எழும்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். குளிர்ந்த நெஞ்சின் மேல் அது ஒட்டவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"வேணாம். அவரு போட்டு விடச் சொன்ன சட்டை."

வெளியே பெண்கள் துக்கப்பாட்டைத் தொடர்ந்தார்கள்.

"அந்தக் கதை உங்களுக்கு முழுசாத் தெரியுமா?"

"அவன்கிட்ட கேட்டுக் கேட்டு மனப்பாடம்."

"சொல்லுங்க. முதல்லேருந்து."

சீலோ மாமரத்தடியில் போய் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தான். அவளுக்கென்று நிழலில் பாய் விரித்திருந்தார்கள். இரண்டு நாளாகக் கண் மூடாத லுயாண்டோ அந்தப் பாயைத் தாண்டிப் போய், வெயில் விழுந்த வெறுந்தரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.