சுவருக்கு அந்தப் பக்கம்

கமலாம்பாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது: "சோமு கம்ஸ். சோமு வருகிறான்." கை புளியிலேயே நின்றுவிட்டது.

சோமு அவளுடைய ஒரே பிள்ளை. ஐப்பசி வெள்ளத்தில் அரசலாறு அவனைக் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் பொதுச்சுவர். ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் போனாலும் போனான், இங்கிலீஷ் தடபுடலாக உள்ளே நுழைந்தது. சொல்லிக்கொடுக்க மாயவரத்திலிருந்து ஒரு புது வாத்தியார் வந்திருந்தார். பாவம், அவருக்கு ஊர்க்கதை என்ன தெரியும்? பதிவேட்டில் அடிக்காமல் விட்டிருந்த பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிகழ்காலம் நடத்தினார். பிரம்புக்குப் பயந்த பிள்ளைகள் உண்மையைச் சொல்லவில்லை.

முதல் நாள் கமலாம்பாள் அழுதாள். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். சோமு ஓடுகிறான் என்றால் எங்கே விழுந்துவிடுவானோ என்று பதறினாள். சோமு சாப்பிடுகிறான் என்று கேட்டால் அவளுக்கே வயிறு நிறைந்தது. ஒரு மத்தியானம் அவள் கணவர் சுப்ராயன் ஆபீசிலிருந்து வந்தபோது உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா நடங்க. தூங்குறான்."

சுப்ராயன் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் வாத்தியார்ட்ட சொல்லிட்டு வந்துடறேன் கமலா. இது நல்லதில்ல."

"வேணாங்க. அங்க மட்டுந்தாங்க அவன் இருக்கான். அதையும் எடுத்துடாதீங்க."

அவர் கேட்கவில்லை. போய்ச் சொன்னார். வாத்தியார் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள், "நீலகண்டன் கம்ஸ்" என்று கேட்டது. கமலாம்பாள் சுவரோரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அங்கேயே இருந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். சோறு தண்ணீர் இறங்கவில்லை. சுப்ராயன் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில் அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தது போதாதென்று இவளையும் பறிகொடுக்க அவருக்குத் தெம்பில்லை. ஆபீசில் பிரெஞ்சு எழுதியே பழகிய மனிதர். இங்கிலீஷுக்கு நாக்குப் புரளவில்லை.

"சோமு... கம்ஸ்," என்றார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"சோமு வருகிறான்," என்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒப்பிப்பதுபோல.

பிறகு சுப்ராயன் எழுந்து போய், சாத்தியிருந்த தெருக்கதவைத் திறந்து வைத்தார்.